ஒன்றரை மணி

தொங்கும் தண்டவாளத் துண்டில்
அல்போன்ஸ் சேர் இரும்பால் தட்டுகிறார்.
பாடசாலை முடிந்தது.
நானும் அத்துடன் முடிந்துவிட வேண்டும்,
சங்கத்தின் தீர்மானம் அது: சட்டப்படி வேலை.
ஏழரைக்கு ஒரு கையெழுத்து
ஒன்றரைக்கு ஒரு கையெழுத்து.
நடுவில் இருப்பது அரசாங்கத்துக்கு.
அதற்கு வெளியே இருந்தது
இத்தனை காலம் யாருக்குப் போனதென்று
எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

என் நியமனம் வரலாற்றுக்கு.
ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில்
பின்னங்கள் சொல்லிக் கொடுப்பது
நியமனக் கடிதத்தில் கிடையாது.
மஸ்கெலியாவில் வினாத்தாள் போட்டோ கொப்பி அடித்த காசும்
கிடையாது.

சம்பளச் சிட்டையில் கிடப்பவை வேறு:
இடர் கடன். பண்டிகை முற்பணம்.
தபுதாரர் அநாதைகள் நிதி.
கல்யாணமே ஆகாத நான்
இன்னும் கண்ணால் காணாத ஒருவர்
என் சாவுக்குப் பிறகு சௌகரியமாய் இருக்க
மாதம் தவறாமல் கட்டி வருகிறேன்.
மிச்சம்
பஸ்ஸுக்கும் அரிசிக்கும்
தம்பியின் மூக்குக்கண்ணாடிக்கும்.

முதல் நாள் மண்டப வாசலில்
கொம்பாஸ் பெட்டியோடு நின்றாள் சதுர்ஷிகா.
“இன்றைக்கு இல்லையா டீச்சர்?”
“இல்லை.”
“நாளைக்கு?”
கரும்பலகையில் கடைசி வகுப்பின் கணக்கு
அழியாமல் கிடந்தது:
நான்கில் மூன்றும் எட்டில் ஒன்றும் கூட்டினால்?
சமக்குறியோடு நின்றுவிட்ட கணக்கு.

பாதை வளைவில் ரேணுகாதேவி, அவளுடைய தாய்,
பகல் நிறுவை முடிந்து மலைக்குத் திரும்புகிறவள்.
“ஸ்ட்ரைக்கா டீச்சர்?”
“ஸ்ட்ரைக் இல்லை. நேரத்துக்கு மேல
ஒரு நிமிஷமும் வேலை செய்ய மாட்டோம்.”
சிரித்தாள்.
“நாங்களும் செஞ்சோமே.
பதினெட்டு கிலோ கேட்டான், பத்தோட நின்னோம்.
அரைப்பேர் போட்டுட்டான்.
ஒங்களுக்கு அரைப்பேர் போடுவானா?”
“இல்லை.”
“அப்ப நல்லா செய்ங்க.”
நாலு எட்டு நடந்தவள் திரும்பினாள்.
“பரீட்சை எப்ப?”
“அஞ்சு கிழமை இருக்கு.”
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு
நிரைக்குள் ஏறிப் போனாள்.
ஏசியிருந்தால்
எனக்கும் பதில் இருந்தது.

ஒன்று ஐம்பது பஸ்ஸில் கொண்டக்டர்
“என்ன டீச்சர், சுகமில்லையா?” என்றான்.
அவன் கணக்கில் நான் நாலேகால் பஸ்.
இரண்டரைக்கு எங்கள் வீட்டுச் சுவரில்
வெயில் எவ்வளவு தூரம் ஏறுமென்று
ஏழு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.
துணி துவைத்தேன். நகம் வெட்டினேன்.
நன்றாகத்தான் இருந்தது,
அதை மறைப்பானேன்.

நான்காம் நாள்
சமக்குறிக்குப் பக்கத்தில் யாரோ விடை எழுதியிருந்தார்கள்.
பன்னிரண்டில் நான்கு.
மேலே உள்ளதை மேலே உள்ளதோடு
கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு,
எல்லாவற்றையும் அப்படியே கூட்டிய சின்னக் கை.
மணி ஒன்று முப்பத்திரண்டு.
பையைத் தோளில் போட்டேன்.
அந்தப் பன்னிரண்டு
பஸ் ஏறி, வீடு வந்து,
சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தது.

எங்கள் மலைக்குக் காலையில் ஒரே பஸ்.
ஏழு பத்துக்கு இறக்கிவிடும்.
அந்த இருபது நிமிடம்
அரசாங்கத்துக்கும் இல்லை, சங்கத்துக்கும் இல்லை
என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி
மண்டபத்துக்குள் போனேன்.
சங்கக் கிளைச் செயலாளர் அல்போன்ஸ் சேர்
சன்னல் வழியே என் கையில் வெண்கட்டியைக் கண்டார்.
கண்டதும்
நின்றுபோன கைக்கடிகாரம்போல ஒன்றைக் காதில் வைத்துக்
கேட்கத் தொடங்கினார்.

பகுதியெண்ணை மட்டும் அழித்து
எட்டு என்று எழுதினேன்.
மேலிருந்த நான்கைத் தொடவில்லை.

வெளியே பனிமூட்டம்.
அதிபர் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுக்க
இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.
படியில் உட்கார்ந்து
அது முடியும்வரை சும்மா இருந்தேன்.